தென்னிலையில் உட்கார்ந்த லாரி

வசந்தாமணியின் லாரி தென்னிலைக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டது. நின்று போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது பின்பக்க இடது மூலையில் புஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டு, சண்டி மாடு வண்டியோடு படுத்துக்கொள்கிற மாதிரி, டீக்கடைக்கு எதிரே சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

"காற்று அமுக்கி இயங்கவில்லை. ஓட்டுநர் கவனிக்கவும்" என்றது லாரி.

"கவனிச்சுட்டேன் வாத்தியாரே, கவனிச்சுட்டேன்! உக்காந்தது நீயி, கவனிக்கறது நானா?"

லாரி எப்போதும் பாடப்புத்தகத் தமிழில்தான் பேசும். அதனால் வசந்தாமணி அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள். கம்பெனிக்காரர்கள் வேறு ஏதோ பெயர் வைத்துத்தான் அனுப்பினார்கள். அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

முட்டை லாரி ஓட்டுகிறவர்களுக்கென்று நாமக்கல்லில் ஒரு திமிர் உண்டு. இரும்பு ஏற்றுகிறவன், சிமெண்டு ஏற்றுகிறவன் எல்லாம் அவர்கள் கண்ணுக்கு டிரைவரே இல்லை. வசந்தாமணிக்கு அந்தத் திமிர் கொஞ்சம் கூடுதல். கணவாய் வழியாக மழையோடு மழையாகப் போய்ப் பாலக்காட்டில் லோடு இறக்கினால் ஒரு முட்டைகூட விரிசல் விட்டிருக்காது. லட்சக்கணக்கில் ஏற்றிய கைக்கு இன்றைக்குக் கொடுத்திருந்த லோடு ஒரே ஒரு முட்டை. அதுவும் கானமயில் முட்டை.

அந்தப் பறவை பூமியில் எங்கேயும் இல்லாமல் போய் அவள் வயசளவு காலம் ஆகிவிட்டது. உறைய வைத்திருந்த உயிரணுக்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் அந்த முட்டையை உண்டாக்கியிருந்தார்கள். காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில், புல்லும் வெள்வேல மரமுமாகக் கிடக்கிற மேய்ச்சல் நிலத்தில், அதற்கென்று ஒரு பொரிப்பகம் தயாராக இருந்தது. பொரியப் போகிற மண்ணின் காற்றிலும் சத்தத்திலும் கடைசி நாட்களைக் கழித்தால்தான் குஞ்சுக்கு அந்த இடம் ஒட்டும் என்று ஆய்வுக்கூடத்துப் பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். பொரிய இன்னும் நாள் இருந்தது. அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது வசந்தாமணியின் பொறுப்பு.

லாரியின் பின்பக்கக் கூண்டிலிருந்து பர்ஹானா எட்டிப் பார்த்தாள். பறவை டாக்டர், கோயம்புத்தூர்ப் பெண். மூக்குக் கண்ணாடி ஓர் இடத்தில் நிற்காது. அதைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டேதான் பேசுவாள்.

"அக்கா, என்னாச்சு? கோடு ஏறுது!"

கோடு என்று அவள் சொன்னது முட்டைப் பெட்டியின் முகப்பில் ஒளிர்கிற விரல் அகலப் பட்டையை. நாமக்கல்லில் புறப்படும்போது அடியில் பச்சையாகக் கிடந்தது. இப்போது மஞ்சளையும் தாண்டிக்கொண்டிருந்தது.

"வண்டிதான் நிக்குதே அம்மிணி. நிக்கற வண்டியில கோடு எதுக்கு ஏறுது?"

"அதான் எனக்கும் தெரியல."

டீக்கடைக்குப் பக்கத்திலேயே செல்லாண்டியின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். செல்லாண்டி நாற்பது வயதுக்காரர். கரண்டு வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிற டெஸ்ட் லேம்ப்பை, நீள வயரோடு துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பேச்சு இல்லாமல் அவருக்கு ஸ்குரூ திருக வராது.

"ஏனுங்கக்கா, காத்துல மெதக்கற வண்டியின்னு சொன்னாங்க. இப்படிச் சப்பளம் போட்டு உக்காந்திருக்குது?"

"நக்கலெல்லாம் அப்பறம் வெச்சுக்கங்க. கம்ப்ரஸர் ஓடமாட்டேங்குது. சித்தெ பாருங்க."

செல்லாண்டி படுத்துக்கொண்டே சேஸிஸுக்கு அடியில் போனார். பழைய லாரிகளில் குலுக்கலைத் தாங்குகிற இரும்புப் பட்டா இருந்த இடத்தில் இதில் காற்றுப் பைகள் இருந்தன. சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு முன்பே வாத்தியாருக்குப் பள்ளம் தெரிந்துவிடும். கம்ப்ரஸரை ஓட்டிக் காற்றை ஏற்றியும் இறக்கியும், ரோட்டில் போகிறோம் என்பதே முட்டைக்குத் தெரியாதபடி தாங்கிக்கொண்டு போகும். கம்ப்ரஸர் நின்றால் அத்தனையும் போச்சு.

"ப்யூஸ் போயிருக்குதுங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இதுக்கா இந்தக் கூப்பாடு?"

புது ப்யூஸ் போட்டார். கம்ப்ரஸர் ம்ம்ம்ம்ம் என்று ஓடியது. லாரி மெதுவாக எழுந்தது. வசந்தாமணி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்குள் சத்தம் நின்றது. லாரி மறுபடியும் உட்கார்ந்தது.

"அட சாமி!" என்றார் செல்லாண்டி. "தொட முடியலீங்க, கொதிக்குது. சூடு தாங்காம அதுவே கட் ஆகிக்குது. ரொம்ப நேரம் வுடாம ஓடியிருக்கோணும். ரிலே சுவிட்சு ஒட்டிக்கிட்டாத்தான் இப்படி ஓடும்."

ரிலேயைக் கழற்றி, ஹாரனுடைய ரிலேயை அந்த இடத்தில் மாட்டினார். சூடு தணிந்து ஓட ஆரம்பித்த கம்ப்ரஸர் மறுபடியும் நிற்காமல் ஓடியது, மறுபடியும் கட் ஆனது. ரிலே மேல் குற்றம் இல்லை. எர்த் போல்ட்டில் துரு இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி முடுக்கினார். அப்படியும் அதே கதைதான்.

அப்புறம் உயரம் பார்க்கிற சென்சாரின் கனெக்டரைக் கழற்றியவர், வெளியே தலையை நீட்டி வசந்தாமணியை ஒரு பார்வை பார்த்தார்.

"அக்கா, இதுக்குள்ள சந்தனம் வெச்சது யாரு?"

வசந்தாமணிக்கு முகம் சுண்டிப்போனது. கிளம்புவதற்கு முன்னால் வண்டிக்குப் பூசை போட்டபோது, கண்ணில் பட்ட அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். சக்கரத்துக்கு மட்டும் வைத்தால் சென்சார் கோவித்துக்கொள்ளாதா என்று அதற்கும் குழைத்து அப்பியிருந்தாள்.

பர்ஹானாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "அக்கா! நீங்க வெச்ச பொட்டாலதான் இத்தனையுமா?"

"நல்லதுன்னுதான் வெச்சேன் அம்மிணி" என்றாள் வசந்தாமணி.

செல்லாண்டி பிரஷ்ஷால் சந்தனத்தைத் துடைத்து, ஸ்பிரே அடித்து மாட்டினார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்ப்ரஸர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. சூடேறி நின்றது. லாரி தன்பாட்டில் உட்கார்ந்தது.

"அப்ப இதுக்குக் காரணம் என்ற சந்தனம் இல்ல!" என்று வசந்தாமணி கையைத் தட்டினாள். லாரி உட்கார்ந்ததற்காக ஒரு டிரைவர் சந்தோஷப்பட்டதை டீக்கடைக்காரர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. செல்லாண்டி கையைத் துடைத்துக்கொண்டே கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க டாக்டரம்மா, அந்தக் கோடு செவக்குதே, அது என்னங்க?"

"முட்டை இதுவரைக்கும் பட்ட குலுக்கல் எல்லாத்துக்கும் கணக்கு. சின்ன அதிர்வுகூட விடாம வண்டி கூட்டிக்கிட்டே வரும்."

"சரி, செவப்பு முழுசா ஏறிட்டா?"

பர்ஹானா கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத வாத்தியார்தான் சொன்னது.

"வரம்பு நிறைந்ததும் முட்டை ரத்து செய்யப்படும். சூடு நிறுத்தப்படும். பெட்டியின் மூடி திறக்கப்படும்."

வசந்தாமணி அப்படியே நின்றாள். "என்னது? ரத்தா? இது பஸ் டிக்கெட்டா ரத்து பண்றதுக்கு? என்ற வண்டியில வெச்சு, என்ற வண்டியே அதைக் கொல்லுமா? எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

"சொன்னா ஓட்ட வரமாட்டீங்கன்னு நெனச்சாங்கக்கா."

"நெனச்சது சரிதான்! வந்திருக்கவே மாட்டேன்!"

பர்ஹானா கூண்டின் படியில் உட்கார்ந்தாள். "முதல் முதல்ல பொரிஞ்ச குஞ்சுங்க கழுத்தைத் தூக்க முடியாம கெடந்து செத்துச்சுக்கா. ரொம்ப வலி. ஊரு உலகமே பார்த்து அழுதுச்சு. வழியில ஏகமா குலுங்கினதுல மூளையில அடி. இனி ஒரு உயிரை வேதனைப்படறதுக்குன்னே பொரிக்கக் கூடாதுன்னு கமிட்டி கூடித்தான் இந்த விதியைப் போட்டாங்க. அன்னிக்கு நானும் கை தூக்கினேன்."

"அதுக்கப்பறம் வந்த முட்டையெல்லாம்?"

"இதே மாதிரி வண்டியிலதான் வந்துச்சு. ஒண்ணுகூட வந்து சேரல. எல்லாமே வழியிலேயே ரத்து. இனி செய்யறதுக்குக் கருவும் இல்லக்கா. இதுதான் கடைசி."

வசந்தாமணிக்கு இரண்டு பெண்கள். இரண்டாவது பெண் வயிற்றில் இருந்தபோது ஏழாவது மாதம் வரை டெம்போ ஓட்டியவள் அவள்.

"மாசமா இருக்கறவ பஸ்ஸுல போனா குலுங்கத்தான் செய்யும். இத்தனை தடவைக்கு மேல குலுங்கிட்டே, உனக்குப் புள்ளை கெடையாதுன்னு எவனாச்சும் சொல்லுவானா? சொன்னா சும்மா வுடுவமா?"

"பொறந்து துடிக்கறதைப் பார்த்தவங்க கேக்கறாங்களேக்கா, அவங்களுக்கு என்ன சொல்றது?"

வசந்தாமணிக்குக் கோபம் ஆறவில்லை. செல்லாண்டியைப் பார்த்தாள். "அந்தக் குலுக்கல் சென்சாரோட வயரை வெட்டி வுடுங்க. பழி என்ற மேல கெடக்கட்டும்."

"வயரை வெட்டினா வரம்பு தாண்டினதாத்தான் எடுத்துக்கும்" என்றாள் பர்ஹானா. "அதையும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க."

"நல்லா யோசிச்சாங்க போங்க!"

செல்லாண்டி அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சூடு தணிந்த கம்ப்ரஸரின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்துக் கொடுத்தார். கம்ப்ரஸர் பட்டுப்போல் ஓடியது. வயரை எடுத்ததும் நின்றது. மறுபடி பழைய வயரை மாட்டி, டெஸ்ட் லேம்ப்பைக் கட்டளை வருகிற கம்பியில் வைத்தார். லேம்ப் எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"கம்ப்ரஸர் மேல ஒரு கொறையும் இல்லீங்க. வயரு, ப்யூஸு, ரிலே, எர்த்து எல்லாம் சுத்தம். ஓடு ஓடுன்னு மேல இருந்து உத்தரவு வந்துக்கிட்டே இருக்குது, அதான் ஓடி ஓடிச் சூடாகுது. வாத்தியாரே, எதுக்கு உத்தரவு போடறீங்க?"

"முட்டைப் பெட்டியில் அதிர்வு உள்ளது. அதைத் தணிக்க முயல்கிறேன்."

"அட, நிக்கற வண்டியில என்னய்யா அதிர்வு?"

"அதிர்வு உள்ளது" என்றது வாத்தியார் மறுபடியும்.

முட்டை லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. லோடு ஏற்றி முடித்ததும் விளிம்பு வரை டீ ஊற்றிய கிளாஸை அடுக்கின் உச்சியில் வைப்பார்கள். வண்டியை ஓர் உருட்டு உருட்டிப் பார்ப்பார்கள். டீ சிந்தினால் அடுக்கு சரியில்லை, இறக்கி மறுபடி அடுக்கு என்று அர்த்தம். வசந்தாமணி டீக்கடைக்குப் போய், ததும்பத் ததும்ப ஒரு கிளாஸ் வாங்கி வந்து பெட்டியின் ஓரத்தில் வைத்தாள். மூன்று தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன.

டீயின் மேல் படிந்த ஆடை ஆடவில்லை, அசையவில்லை. பக்கத்தில் கோடு மட்டும் சிவப்புக்குள் காலை வைத்து ஏறிக்கொண்டிருந்தது.

"ரோடு குலுக்கல. வண்டி குலுக்கல" என்றாள் வசந்தாமணி. "சென்சார் பொய் சொல்லுதா?"

"மீட்டர் வெச்சுப் பார்த்துட்டேன், சென்சார் சரியாத்தான் இருக்குதுங்க. வெளிய இருந்து ஒண்ணுமில்லீன்னா..." என்று இழுத்த செல்லாண்டி பர்ஹானாவைப் பார்த்தார்.

பர்ஹானாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. அவள் அதைத் தள்ளவில்லை. கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, பெட்டியின் பக்கத்துத் துவாரம் வழியாக முட்டையின் அகலமான முனையில் வைத்தாள்.

"உள்ள இருந்து" என்றாள். "அக்கா, உள்ள இருந்து தட்டுது!"

வசந்தாமணி ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள். டொக். டொக்டொக். அதற்குள் லாரிக்கு அடியில் கம்ப்ரஸர் ம்ம்ம்ம்ம் என்றது. உள்ளே கொஞ்சம் அமைதி. மறுபடி டொக், டொக். மறுபடி ம்ம்ம்ம்ம்.

"பொரிய இன்னும் நாளிருக்குன்னு சொன்னீங்களே?"

"இருக்குதான்! ஆனா முட்டைக்குள்ள இருக்கற குஞ்சு பொரியறதுக்கு முன்னாடியே அம்மாகூடப் பேசும். அது தட்டும், கத்தும். அம்மா பதில் கொடுப்பா. பதில் வர வர அது சீக்கிரம் வரப் பார்க்கும்." பர்ஹானாவுக்கு வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "இங்க அம்மா இல்ல. இது ஒரு தடவை அசைஞ்சிருக்கு. வண்டி அதைக் குலுக்கல்னு நெனச்சுக் கம்ப்ரஸரை ஓட்டியிருக்கு. கம்ப்ரஸர் ம்ம்னு சொன்னதும், அம்மா பதில் சொல்லிட்டான்னு இது மறுபடியும் தட்டியிருக்கு. வழி பூரா ரெண்டும் பேசிக்கிட்டே வந்திருக்குக்கா!"

செல்லாண்டி வாயைப் பிளந்தார். "பேசிப் பேசியே கம்ப்ரஸரைச் சூடாக்கிப்போட்டாங்களா! என்ற சம்சாரம் அவங்க அக்காகூடப் பேசினா போன் இப்படித்தானுங்க கொதிக்கும்."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மூவரும் ஒரே நேரத்தில் கோட்டைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. தட்டல் ஒவ்வொன்றும் வாத்தியார் கணக்கில் குலுக்கல்தானே? இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று அது தட்டத் தட்ட, அதன் கணக்கு முடிந்துகொண்டிருந்தது.

"பேச்சை நிறுத்தினா இதும் தட்டறதை நிறுத்துமுங்க" என்று செல்லாண்டி பாய்ந்து ப்யூஸைப் பிடுங்கினார்.

கம்ப்ரஸர் அடங்கியது. ஒரு நொடி எல்லாம் நிசப்தம். அப்புறம் உள்ளேயிருந்து படபடவென்று தட்டல் கிளம்பியது. காது வைக்காமலே கேட்டது. கோடு விறுவிறுவென்று ஏறியது.

"போடுங்க, போடுங்க! அம்மாளைக் காணோம்னு பதறுது!" என்று வசந்தாமணி அலறினாள்.

ப்யூஸைச் செருகினார். ம்ம்ம்ம்ம் என்று சத்தம் கேட்டதும் தட்டல் சாந்தமானது. ஆனால் கொதித்துக் கிடந்த கம்ப்ரஸர் கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. கட் ஆகி நின்றுவிட்டது. செல்லாண்டி ஈரச் சாக்கு கேட்டுக் கத்தினார். டீ மாஸ்டர் குடத்துத் தண்ணீரும் சாக்குமாக ஓடிவந்தார். சூடு இறங்க நேரம் பிடிக்கும். உள்ளே தட்டல் மறுபடி வேகமெடுத்தது.

வசந்தாமணி யோசிக்கவில்லை. குனிந்து, பெட்டியில் வாயை ஒட்ட வைத்து, "ம்ம்ம்ம்ம்" என்றாள்.

அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. எந்தச் சுருதியில் எடுக்கும், எங்கே இழுக்கும், கடைசியில் புஸ் என்று எப்படி விடும் என்பதெல்லாம் மாசக்கணக்கில் அதன் மேல் உட்கார்ந்து கேட்டவள். அடி மூச்சிலிருந்து இழுத்து, புஸ்ஸென்று முடித்தாள். தட்டல் நின்றது. கோடு நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். உள்ளே தயங்கித் தயங்கி ஒரு தட்டு கேட்டது. வசந்தாமணி மறுபடி "ம்ம்ம்ம்ம்... புஸ்" என்றாள்.

"கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன், மெதுவா வா" என்று நடுவில் சொல்லிக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

அவள் மூச்சு வாங்கும்போது பர்ஹானா எடுத்தாள். அவளுடைய ம்ம் மெல்லிசாக வந்தது. "அடிக்குரல்ல எடுங்கம்மா, இது பாட்டு கிளாஸ் இல்ல" என்று சொல்லிவிட்டுச் செல்லாண்டி தன் பங்குக்கு எடுத்தார். அவருடையது கம்ப்ரஸரையே தோற்கடித்தது. டீ மாஸ்டர் சாக்கை நனைத்துக்கொண்டே ம்ம் போட்டார். டீ குடிக்க வந்து, என்ன ஏது என்று எட்டிப் பார்த்தவர்களும் விஷயம் தெரிந்ததும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வழியாகப் போன கரூர் பஸ்ஸில் இருந்தவர்கள், தென்னிலையில் ஒரு கூட்டமே லாரிக்குள் தலையை விட்டு ம்ம்ம் என்று முனகுவதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தார்களோ தெரியாது.

"வாத்தியாரே" என்றாள் வசந்தாமணி, தன் முறை முடிந்த இடைவெளியில். "உன்ற விதி முட்டைக்குத்தானே? எது வரைக்கும் அது முட்டை?"

"ஓட்டில் துளை விழும் வரை அது முட்டை."

"அப்ப துளை வுழுந்துட்டா?"

"அது குஞ்சு. குஞ்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? துளை வுழுகற வரைக்கும் வாயை மூடாதீங்க!"

கோடு உச்சிக்கு மயிரிழை கீழே நின்றது. ஒரு தட்டு கேட்டால் எல்லாருக்கும் நெஞ்சு நின்று திரும்பியது. தட்டின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் மொத்தையாக இருந்தது, போகப் போகக் கூராக, கிளாஸில் நகத்தால் தட்டுவது மாதிரி ஆனது. வசந்தாமணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ம்ம் மட்டும் நிற்கவில்லை.

கிரக் என்று ஒரு சின்னச் சத்தம்.

மண் நிற முட்டையின் தோளில் ஒரு செதில் மேலெழும்பியது. அதற்குள் வெள்ளையாக, அரிசி மூக்கு அளவுக்கு ஏதோ ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

வாத்தியார், "துளை காணப்படுகிறது. இது முட்டை அல்ல. கணக்கு முடிந்தது" என்றது. சிவப்புக் கோடு அணைந்துபோனது.

அப்புறம் தென்னிலையில் நடந்ததை என்னவென்று சொல்ல! டீ மாஸ்டர் குடத்தைக் கீழே போட்டார். செல்லாண்டி டெஸ்ட் லேம்ப்பைச் சுழற்றிக்கொண்டு ஓர் ஆட்டம் போட்டார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ சர்க்கரையை அள்ளி வந்து எல்லார் வாயிலும் போட்டார்கள். வாத்தியாருக்கு வாய் எங்கே என்று தெரியாமல் முகப்புக் கண்ணாடியில் ஒரு சிட்டிகை தூவினார்கள்.

பர்ஹானா மட்டும் படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மத்த முட்டைங்கக்கா" என்றாள் பர்ஹானா. "அதுங்களும் இப்படித்தான் தட்டியிருக்குமோ? பொறக்க வந்ததைப் போய்க் குலுக்கல்னு..."

சமாதானம் சொல்ல அதில் என்ன இருக்கிறது? வசந்தாமணி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "இதை நாம வளத்தோணும் அம்மிணி. எந்திரி" என்றாள்.

கம்ப்ரஸர் குளிர்ந்தது. லாரி எழுந்தது. செல்லாண்டி கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, "வேலை முடியாம வுட்டா எனக்குச் சோறு எறங்காதுங்க" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழி நெடுக மூவரும் ம்ம் போட்டுக்கொண்டே போனார்கள். அவசியம் இல்லாதபோதும் போட்டார்கள்.

மறுநாள் காலை, பொரிப்பகத்தைச் சுற்றிக் கிடந்த கொழுக்கட்டைப் புல் மேல் வெயில் விழுகிற நேரத்துக்குக் குஞ்சு ஓட்டை உதறிவிட்டு வெளியே வந்தது. கழுத்து நேராக நின்றது. அதைப் பார்த்ததுமே பர்ஹானா பாதிப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள். மனிதர்களை அம்மா என்று நினைத்துவிடக் கூடாதே என்று பெட்டைக் கானமயிலின் தலைபோல் செய்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, மறைப்புக்குப் பின்னால் நின்று ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். குஞ்சு அந்தத் தலையை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அதைச் சுற்றிக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று நடந்து, நேராக வெளியே நின்ற லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

"செய்கூலி எத்தனையோ, அந்த உறைக்கு!" என்று வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

லாரிக்கு அடியில் கம்ப்ரஸர் ம்ம்ம்ம்ம் என்றது. குஞ்சு எழுந்து இரண்டடி நடந்தது. கம்ப்ரஸர் மறுபடி ம்ம்ம்ம்ம் என்றது.

செல்லாண்டிக்கு அது பொறுக்கவில்லை. பெட்டி காலி, ரோடு இல்லை, வண்டி நிற்கிறது. சத்தமில்லாமல் ஊர்ந்து போய் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தார். லேம்ப் எரிந்தது. அணைந்தது.

"இன்னும் உத்தரவு வந்துக்கிட்டுத்தான் இருக்குதுங்க. இப்ப இது நெசமான பால்ட்டு. கழட்டிப் பார்த்துரட்டுங்களா?"

"வாத்தியாரே" என்று வசந்தாமணி மெதுவாகக் கேட்டாள், "இப்ப எதுக்கு ஓட்டறே?"

"அதிர்வு உள்ளது."

"எங்கே?"

"குஞ்சு நடக்கிறது" என்றது லாரி.

செல்லாண்டி சக்கரத்தடியில் நடக்கிற கால்களைப் பார்த்தார். தீக்குச்சி கனம்கூட இல்லை. "அந்த நடையெல்லாம் இந்தச் சென்சாருக்கு எட்டவே எட்டாதுங்களே" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அதைக் கழற்றிப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அவர் லேம்ப்பைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே சத்தமில்லாமல் ஊர்ந்து வெளியே வந்தார்.